கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு வி.ஆர். கேம்: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நம்ம ஊரை வைத்து ஒரு வி.ஆர். கேம், அதாவது தலையில் ஹெட்செட் மாட்டி உள்ளேயே இருப்பது போல் ஆடும் மெய்நிகர் கேம், செய்யலாமா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பாம்பன் பாலம் என்பார்கள். 1914-ல் திறந்த பழைய பாலம், கப்பலுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிளந்து தூக்கும் ஷெர்சர் தூக்கு, பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஆட்டக்காரரை ரயிலில் உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் கடல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் கேமுக்கு இதைவிட மோசமான தேர்வு கிடையாது.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். மெட்டா குவெஸ்ட் 3 மாதிரி ஒரு ஹெட்செட்டில் பார்வையின் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 25 பிக்சல் கிடைக்கும், நல்ல கண்ணுக்கு 60 வரை வேண்டும். பாலத்தின் 10 சென்டிமீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று 300 மீட்டர் தள்ளி இருந்தால் திரையில் அது அரை பிக்சல்கூட வராது, தலை லேசாக அசைந்தாலே பாலம் முழுக்க மினுமினுத்து நடுங்கும். ரயில் ஓடுவதைக் கண் பார்க்கும், உட்கார்ந்திருக்கும் உடம்போ எதையும் உணராது, அங்கேதான் குமட்டல் ஆரம்பிக்கிறது. கடல் மேற்பரப்பு பாதி உள்ளே தெரியவிடும், பாதி பிரதிபலிக்கும், ஹெட்செட்டுக்குள் படம் வரையும் மொபைல் ஜிபியுவுக்கு இரண்டுமே செலவு. வி.ஆரின் பலவீனங்களை எல்லாம் தேடிப்பிடித்து ஒரே காட்சியில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அதே கடலில் இன்னொரு வேலை நடக்கிறது, பாசி எடுப்பது. கண்ணாடி போட்டு, விரல்களில் துணி சுற்றி, பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் முங்கி எழுவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று தினுசு தினுசாக இருக்கிறது. வி.ஆர். கண்ணோடு பார்த்தால் இந்த வேலை தங்கம். முங்கும் கண்ணாடியே பார்வையைக் குறுக்குகிறது, ஹெட்செட்டும் அதைத்தான் செய்கிறது. தண்ணீருக்குள் சில மீட்டருக்கு மேல் தெரியாது, அதனால் தூரத்தை வரையவே வேண்டாம். வேலை முழுக்கக் கையில். அதனால் இந்த வழிகாட்டியில் செய்யப்போவது பாசி எடுக்கும் கேம்தான். ஹெட்செட்டின் குறைகளும் இந்த வேலையின் இயல்பும் எங்கெல்லாம் ஒத்துப்போகின்றன என்று பார்த்துக்கொண்டே போவோம், ஒத்துப்போகாத இடங்களும் உண்டு.

படி 1: கணினியைத் திறக்கும் முன் உடம்பால் ஆடிப் பாருங்கள்

வி.ஆரில் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆட்டக்காரரின் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான். கதை, படம் எல்லாம் அப்புறம். வீட்டுக் கூடத்தில் நின்று, தண்ணீர் மட்டம் உங்கள் கழுத்தருகில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கிக் குனிந்தால் தலை தண்ணீருக்குள், நிமிர்ந்தால் வெளியே, மூச்சு. இதுதான் நம் கேமின் மையம். ஆட்டக்காரர் தன் சொந்தத் தலையைத்தான் நகர்த்துகிறார், கேமரா தானாக எங்கும் போகவில்லை. கண்ணும் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பும் ஒரே செய்தியைச் சொல்வதால் மயக்கத்துக்கு வேலையே இல்லை.

இங்கேயே ஒரு முட்டுக்கட்டை வரும். நிஜத்தில் பாசி எடுப்பவர் குப்புற நீந்துவார், நம் ஆட்டக்காரரோ தரையில் நிற்கிறார். தரையில் இருக்கும் பாசியைப் பறிக்கச் சொன்னால் நெடுநேரம் கீழேயே பார்க்க வேண்டும், குவெஸ்ட் 3-ன் எடை 515 கிராம், அதில் பெரும்பங்கு முகத்தின் முன்னால் தொங்குகிறது. பத்து நிமிடத்தில் பிடரி சொல்லிவிடும். ஆகவே பாறையைச் சாய்த்துவிடுங்கள். ஏறத்தாழ 45 டிகிரிச் சரிவாக ஒரு பாறைத் திட்டு, பாசி எல்லாம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில். கை தோளுக்கு மேலே போகும் வேலை எதுவும் வைக்காதீர்கள், தோள்பட்டை அசந்துவிடும். நம் வீடுகளில் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குனிந்து எழுவது எல்லோராலும் முடியாது. தண்ணீர் மட்டத்தை ஆட்டக்காரரின் உயரத்துக்கு ஏற்றவாறு ஆரம்பத்தில் அளந்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்தாலே முங்கியதாகக் கணக்கில் எடுக்கும் முறையும் இருக்கட்டும். நிஜமாகவே மூச்சைப் பிடிக்கச் சொல்லும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். திரையில் ஒரு மூச்சுக் கணக்கு போதும்.

படி 2: ஃபிரேம் கணக்கு

நொடிக்கு 72 முறை படம் மாறும் ஹெட்செட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 13.9 மில்லிநொடி. 90 என்றால் 11.1, 120 என்றால் 8.3. தலை திரும்பியதிலிருந்து அதற்கேற்ற படம் கண்ணுக்கு வரும் வரை மொத்தம் 20 மில்லிநொடிக்குள் முடிந்தால்தான் உலகம் நிலையாக நிற்கும், இல்லாவிட்டால் அது தலையோடு இழுபடும். குவெஸ்ட் 3-ன் திரை ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 90 லட்சத்துக்கு மேல். கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருளான என்ஜின் இயல்பாக இதைவிடக் குறைத்துத்தான் வரையும் என்றாலும், ஃபோனில் இருப்பது போன்ற ஒரு சிப் இதைத் தாங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நேரம் தவறினால் ஹெட்செட் பழைய படத்தையே தலையின் புதுக் கோணத்துக்குத் திருப்பிக் காட்டிச் சமாளிக்கும். தலை திரும்பும்போது இது சரியாக இருக்கும், ஆனால் பக்கத்தில் கை அசையும்போது ஓரம் நெளியும். நம் கேமில் கைதான் எல்லாம், அதனால் இதை நம்பி இருக்க முடியாது. 72-ஐ வைத்துக்கொண்டு, அதிலும் ஒன்றிரண்டு மில்லிநொடி மிச்சம் இருக்கும்படி செய்யுங்கள். மே மாத வெக்கையில், ஏசி இல்லாத அறையில் சிப் சூடேறினால் வேகம் தானாகவே குறையும். பெங்களூர் அலுவலகத்தில் ஓடியது கீழக்கரை வீட்டு மாடியில் திக்கித் திணறுவது இதனால்தான்.

என்ஜின் எது என்று நிறையப் பேர் வாரக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். யூனிட்டி, அன்ரியல், கொடாட், மூன்றிலும் பல ஹெட்செட்டுகளுக்கும் பொதுவான இணைப்புத் தரமான ஓப்பன்எக்ஸ்ஆர் உண்டு, கை பழகியது எதுவோ அதை எடுங்கள். தமிழ் எழுத்து விஷயத்தில் மட்டும் வித்தியாசம் இருக்கிறது, கீழே வரும். இரண்டு கண்ணையும் ஒரே ஓட்டத்தில் வரையும் மல்டிவியூவை இயக்குங்கள், ஒவ்வொரு பொருளையும் வெளிச்சத்தோடு நேரடியாக வரையும் ஃபார்வர்டு ரெண்டரிங், விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுப்பும் 4 மடங்கு எம்எஸ்ஏஏ, ஓரங்களில் தெளிவைக் குறைக்கும் ஃபோவியேட்டட் ரெண்டரிங். வெளிச்சத்தைக் கசியவிடும் புளூம், அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளர் என்று திரை முழுக்கப் பூசும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

படி 3: தண்ணீருக்குள்

ஒரு அலகு ஒரு மீட்டர் என்ற கணக்கில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளால் பாறையை அடுக்கி, ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். அளவு தவறினால் இங்கேயே உறுத்தும், மானிட்டரில் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது.

அடுத்து மூட்டம். தெளிந்த நாளில் 8 மீட்டர், கலங்கிய நாளில் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று அப்பால் காட்சியையே வெட்டிவிடலாம். இதுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. மற்ற கேம்களில் தூரத்தை மூட்டம் போட்டு மறைத்தால் ஏமாற்று வேலை என்பார்கள், இங்கே அதுதான் உண்மை. கடினத்தின் அளவுகோலும் இதுவே. வாடைக்காற்று காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல் கலங்கும், கச்சான் அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் கலங்கும். இன்றைக்கு என்ன காற்று என்பதை மேலே வானத்தைப் பார்த்து ஆட்டக்காரர் தீர்மானித்து எந்தக் கரைக்குப் போவதென்று தேர்ந்தெடுக்கட்டும். தனியாக எளிது, கடினம் என்று பட்டன் எதற்கு?

கடற்புல்லையும் பாசியையும் படம் ஒட்டிய அட்டைகளாக வைக்கத் தோன்றும். வேண்டாம். ஓட்டை போட்ட டெக்ஸ்சர்கள், அதாவது மேலே ஒட்டும் படங்கள், மொபைல் ஜிபியுவில் மெதுவாக ஓடும், ஓரம் மினுமினுக்கும், அதோடு இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது அது தட்டையான அட்டை என்று உடனே தெரிந்துவிடும். சில முக்கோணங்களால் ஆன நிஜ இலைகளாகவே செய்யுங்கள், அசைவை வெர்டெக்ஸ் ஷேடரில், அதாவது முக்கோண முனைகளை ஜிபியுவிலேயே நகர்த்தும் சிறு நிரலில், கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டீரியல், ஒரே இலையைப் பல இடத்தில் ஒரே தடவையில் வரையும் இன்ஸ்டன்சிங், அப்போது டிரா கால் (ஜிபியுவுக்குப் போகும் வரைதல் கட்டளை) எண்ணிக்கை நூறு நூற்றைம்பதுக்குள் அடங்கிவிடும். சிவப்பு நிறம் ஆழத்தில் முதலில் மங்கும், அதை வெர்டெக்ஸ் நிறத்திலேயே பூசிவிடலாம். மேலிருந்து விழும் வெளிச்சக் கோடுகளுக்கு நகரும் டெக்ஸ்சர் ஒன்று போதும். மிதக்கும் துகள்கள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒளிபுகும் பரப்புகளை வரைவதுதான் இந்தச் சிப்புகளின் பெரிய பலவீனம். கொஞ்சமாகத் தூவுங்கள்.

தலை தண்ணீர் மட்டத்தைத் தாண்டும் கணம் கஷ்டமானது. பாதிக் கண் மேலே, பாதி கீழே, அதுவும் இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு உயரத்தில் வெட்டும். இதைச் சரியாக வரைய முயன்று மாதம் வீணாக்க வேண்டாம். அந்தக் கால் நொடிக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழியும் ஒரு தெறிப்பு, கூடவே ஒரு சத்தம். முடிந்தது. முங்கும் கண்ணாடியின் கறுப்பு விளிம்பை எப்போதும் பார்வையின் ஓரத்தில் வையுங்கள். லென்ஸின் மோசமான ஓரத்தை அது மறைக்கும், அசையாத ஒரு சட்டம் கண் முன்னால் இருப்பதால் தலைசுற்றலும் குறையும், மறைந்த இடத்தை வரையவும் தேவையில்லை.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினால் தூரம் தெரியுமே என்று கேட்பீர்கள். மனிதக் கண்களுக்கிடையே சராசரியாக 63 மில்லிமீட்டர். 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருள் இரண்டு கண்ணிலும் நாலைந்து பிக்சல் விலகித் தெரியும், 100 மீட்டர் தாண்டினால் ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஆகவே 100 மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் வானத்தோடு சேர்த்து ஒரே படமாகத் தீட்டிவிடலாம், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாம்பன் பாலம் வேண்டுமென்றால் இங்கே வையுங்கள், நடுங்காமல் நிற்கும். நடமாடும் கேமாக இருந்தால் இந்தத் தூரத்தை இன்னும் தள்ள வேண்டும், நாம் நின்ற இடத்திலேயே நிற்பதால் கவலையில்லை.

படி 4: நகர்வது

ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். கையில் பிடிக்கும் கண்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளினால் மிதந்து போவது எல்லோருக்கும் முதலில் தோன்றும், நிறையப் பேருக்குக் குமட்டுவதும் அதில்தான். நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. பாறையைக் கையால் பிடித்து இழுத்தால் உடம்பு அந்தப் பக்கம் போகட்டும். கை எவ்வளவு நகர்ந்ததோ உலகமும் அவ்வளவே நகரும், அசைவுக்குக் காரணம் தன் கையே என்பதால் மூளை பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. உயிருள்ள பவளத்தைப் பிடித்தால் பிடி நிற்கக் கூடாது, செத்த பாறையை மட்டுமே பிடிக்க முடியும் என்று வையுங்கள். எங்கே கை வைக்கலாம் என்று பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

திரும்புவதற்கு ஆட்டக்காரர் நிஜமாகவே திரும்பட்டும். முடியாதவர்களுக்கு 30 அல்லது 45 டிகிரி சட்டென்று மாறும் முறை. மெதுவாகச் சுழல்வதை இயல்பாக வைக்காதீர்கள்.

படகுக் காட்சி வைக்கத்தான் கை அரிக்கும், வள்ளத்தில் உட்கார்ந்து தீவுப் பக்கம் போவது. வையுங்கள், ஆனால் அலையில் கேமராவை ஆட்டாதீர்கள். நொடிக்கு 0.2 முறை, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு தரம் மேலும் கீழும் போகும் அசைவுதான் மனிதருக்கு அதிகம் குமட்டும், நிஜக் கடலிலும் அப்படித்தான். தொடுவானம் நேராகவே நிற்கட்டும், ஆட்டக்காரரின் தலையும் நேராகவே. வள்ளம் மட்டும் அவருக்குக் கீழே இரண்டு டிகிரி சாய்ந்து நிமிரட்டும், சாரல் அடிக்கட்டும், எஞ்சின் சத்தம் ஏறி இறங்கட்டும். கிளம்பும்போது மெல்ல வேகமெடுப்பதைவிடச் சட்டென்று ஒரே வேகத்துக்கு வருவது நல்லது, ஏனென்றால் உடம்பைக் குழப்புவது வேகம் மாறுவதுதான். கடலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கடலில் உடம்பு ஆடும், பார்க்க நிலையான ஒன்று இருக்காது. இங்கே கண் ஆடும், உடம்பு சும்மா இருக்கும். அது வேறு, இது வேறு.

படி 5: கை

வி.ஆரில் எடை கிடையாது. கண்ட்ரோலர் அதிரும், அவ்வளவுதான். முழுப் பையும் வெறுங்கையும் ஒன்றுதான். இதற்குச் சுற்றுவழிகள் உண்டு. கனமான பொருளைத் தூக்கும்போது திரையில் தெரியும் கை நிஜக் கைக்குப் பின்னால் சற்றுத் தாமதித்து வரட்டும், மூளை அந்த இழுவையைக் கனமாகவே எடுத்துக்கொள்ளும். பை நிறைந்தபின் இரண்டு கையும் வைத்தால்தான் அசையும் என்று செய்யுங்கள்.

பாசி பறிப்பதில் இன்னொரு வழி தானாகவே கிடைக்கிறது. அடிவேரோடு பிடுங்கினால் மறுபடி முளைக்காது, மேலே உள்ளதை மட்டும் எடுத்து அடியை விட வேண்டும். அதையே கேமின் விதியாக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் வேரோடு வரும், அந்த இடம் அடுத்த முறை மொட்டையாக இருக்கும். மெதுவாக இழுத்தால் அதிர்வு மெல்ல மெல்ல ஏறி, ஒரு கட்டத்தில் பட்டென்று நின்று, பாசி கையில். எடையே காட்டாத ஒரு கருவியில் எதிர்ப்பு இருப்பது போல் தோன்றும். சோதனைக்கு ஹெட்செட்டைப் போட்டுப் பார்த்த பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கண்ட்ரோலரை நேராக இழுக்கவே இல்லை, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கிள்ளினார். "இப்படி இழுத்தா கல்லு விரலைக் கிழிச்சிரும் தம்பி" என்றார். அன்றிலிருந்து இழுத்த தூரத்தோடு மணிக்கட்டு திரும்பிய கோணத்தையும் கணக்கில் சேர்த்தோம், கை உணர்ச்சியே மாறிவிட்டது.

இடுப்புப் பையில் ஒரு வில்லங்கம். கண்ட்ரோலரைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் ஹெட்செட்டில்தான் இருக்கின்றன. வயிற்றோடு ஒட்டியோ முதுகுப் பக்கமோ கை போனால் அவற்றுக்குத் தெரியாது, கை மிதந்து எங்கோ போய்விடும். பையை வயிற்றுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். இடுப்பு எங்கே என்றும் ஹெட்செட்டுக்குத் தெரியாது, தலையின் உயரத்தை வைத்து ஊகிக்க வேண்டும். தலை பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் பையும் கூடவே சுற்றினால் ஆட்டக்காரர் அதைத் துரத்திக்கொண்டே இருப்பார். பை மெதுவாக, தாமதித்துத் திரும்பட்டும்.

கண்ட்ரோலர் இல்லாமல் வெறுங்கையையே கண்டுபிடிக்கும் முறை பாசிக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஒரு கை மற்றொன்றை மறைத்தால் தடுமாறும், அதிர்வும் கிடையாது. முதல் கேமுக்குக் கண்ட்ரோலரே போதும்.

படி 6: சத்தம்

செலவு குறைவு, பலன் அதிகம், இருந்தும் எல்லோரும் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும், காற்றில் 340. ஒலி இரண்டு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம் அவ்வளவு சுருங்கிவிடுவதால் முங்கியிருப்பவருக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்வது கஷ்டம். அதனால் மேலே இருக்கும்போது முப்பரிமாண ஒலி, முங்கியவுடன் திசையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, கீச்சுக் குரல்களை வெட்டி, மந்தமாக்கி, சொந்த நெஞ்சுத் துடிப்பை ஏற்றுங்கள். தூரத்தில் ஒரு விசைப்படகு வருகிறது, கேட்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை, நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு பைசா ஜிபியு செலவில்லாமல் பதற்றம் கிடைத்துவிட்டது.

படி 7: தமிழ் எழுத்து

எழுத்தின் உயரம் ஒரு மீட்டர் தூரத்தில் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சுழி நிறைந்த நம் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினால் தப்பில்லை. ஹெட்செட்டின் குவியம் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் நிலையாக இருப்பதால் பலகையையும் அந்தத் தூரத்திலேயே வையுங்கள், மூக்கருகில் கொண்டுவந்தால் கண் வலிக்கும். முகத்தோடு ஒட்டி நகரும் பலகை வேண்டவே வேண்டாம்.

யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் தமிழை அப்படியே ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கு, டி எல்லாம் உடைந்து வரும். யூனிகோடை வடிவமாக்கும் வேலையை அது செய்யாததுதான் காரணம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் போடுவது நாம் காலங்காலமாகச் செய்யும் கைவைத்தியம், வேலை செய்யும். சொற்கள் குறைவென்றால் படமாகவே வைத்துவிடலாம். கொடாட் 4-ல் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட நல்லது, எழுத்தையே குறைத்து, கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆத்தாவின் குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

படி 8: சோதனை

ஹெட்செட்டை ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாகச் சூரியன் விழுந்தால் திரை பொசுங்கிவிடும், சில நொடிகள் போதும். கடற்கரையில் வைத்து ஆடக் காட்டினால் அழகாக இருக்குமே என்று நினைப்பவர்கள் மாலை மங்கிய பிறகு நினைக்கலாம், ஆனால் இருட்டிவிட்டால் கேமராக்களுக்குக் கண் தெரியாது. வெள்ளையடித்த வெறும் சுவரும் அதற்குப் பிடிக்காது, பற்றிக்கொள்ள அடையாளம் வேண்டும், ஒரு காலண்டரோ சாமி படமோ மாட்டினால் சரியாகிவிடும். வியர்வைக்குத் துடைக்கக்கூடிய முகப்பட்டை, உப்புக் காற்றுக்கு மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். மின்கலம் சுமார் 2 மணி நேரம் வரும், கரண்ட் போகும் நாளைக் கணக்கில் வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மெட்டாவே அனுமதிப்பதில்லை, கூட்டத்தில் பிள்ளைகள் அடம்பிடித்தாலும் மாட்டிவிட வேண்டாம்.

கேம் செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டும் காட்டினால் போதாது, அவர்கள் உடம்பு வி.ஆருக்குப் பழகிவிட்டது. புதிதாகப் போடுபவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் கையை மட்டும் பாருங்கள். எங்கே தயங்குகிறது, எதைத் தேடுகிறது. முகம் வெளிறினாலோ கொட்டாவி விட்டாலோ உடனே கழற்றச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிறகு என்ன சேர்க்கலாம்

தீவுகள்தான் முதல் ஆசை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தபடி யாரும் இறங்கிவிட முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போக வி.ஆரைவிடப் பொருத்தமானது எது? ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, ஒரே ஒரு முறை மூட்டத்தின் விளிம்பில் காட்டுங்கள், பக்கத்தில் வர வைக்க வேண்டாம், 4 மீட்டர் தூரத்தில் நிழலாகப் போனால் மாடல் எளிமையாகவும் இருக்கும், ஆளும் வாயடைத்துப் போவார்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது அடுத்தது. நெட் தாமதத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பையை மாற்றுவது அசிங்கமாக வரும், ஆகவே கை மாற்றாமல் இருவரும் அதே வள்ளத்தில் கொட்டுவது போல் வையுங்கள். முத்துக்குளிப்பு, சங்கு குளிப்பு எல்லாம் ஆழத்துக்கு இறங்கும் வேலை, கேமராவைத் தானாக நகர்த்தாமல் முடியாது. கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்து இறங்குவது போல் செய்து, முதலில் 3 மீட்டர் ஆழத்தோடு நிறுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் ஆழப்படுத்துங்கள்.